சாயாத குரல்

எங்கள் பள்ளியில் அந்த டீச்சருக்குச் சர்க்குலர் என்று பெயர். முகத்துக்கு நேரே டீச்சர், முதுகுக்குப் பின்னால் சர்க்குலர். அவருக்கும் அது தெரியும். யாராவது வாய் தவறி நேரிலேயே சொல்லிவிட்டால், "எந்த நம்பர் சர்க்குலர்?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

மாநிலக் கல்வி அலுவலகம் ஒவ்வொரு மாதமும் சிறப்புக் கல்விப் பிரிவுகளுக்கென்று ஒரு சுற்றறிக்கை அனுப்பும். எந்தத் தேர்வு எப்போது, எந்த விதி மாறியிருக்கிறது, யார் எந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்ற இடங்களில் அது வந்ததும் கோப்பில் குத்திவிடுவார்கள். இவர் அச்செடுத்து அடிக்குறிப்பு வரைக்கும் படிப்பார். சந்தேகம் வந்தால் அலுவலகத்துக்குப் போன் போட்டு, எடுத்தவர் யார் என்றும் கேட்டு வைத்துக்கொள்வார். அவர் கணவர் டயர் கடை வைத்திருக்கிறவர். "வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட இப்படித்தாங்க," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "பிரஸ் பேரையும் படிச்சுட்டுத்தான் கீழ வைப்பா."

நான் அந்த அறையில் பராமரிப்பாளராக இருந்தேன். நோயாளியைத் தூக்க, திருப்ப, ஊட்ட, சுத்தம் செய்ய முறையாகப் பயிற்சி எடுத்து, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்தேன். டீச்சர் பாடத்தைப் பார்ப்பார், நான் உடம்பைப் பார்ப்பேன்.

டீச்சர் இந்த வேலையைத் தேடி வந்தவர் இல்லை. தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். தட்டச்சுப் பாடத்தையே எடுத்தபோது உபரி ஆசிரியர்களை எங்கே போடுவதென்று தெரியாமல், சின்னதாக ஒரு பயிற்சி கொடுத்துச் சிறப்புக் கல்விக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் அறைக்குள் வந்து, பாயில் புரண்டுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, கைப்பையைக் கீழே வைக்காமலே நின்றார். "எனக்கு விரல் வைக்கத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியும்," என்றார். "இங்க பாதிப் பேருக்கு விரலே மடங்காது, பையை வெச்சுட்டு வாங்க," என்றேன். வந்தார். தெரியாத வேலையில் இருக்கிறோம் என்ற பயம் அவரைவிட்டுப் போகவே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சர்க்குலரையும் அப்படிப் படித்தார். கேலி செய்தவர்களுக்கு அது புரியவில்லை.

அறை கட்டடத்தின் கடைசியில் இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த இடம். எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏறினால் ரப்பர் பந்து வாசனை வரும். ஒரு பக்கம் தொட்டி, திரைக்குப் பின்னால் துணி மாற்றும் கட்டில், சுவரோரம் நிற்கப் பழக்கும் மரச்சட்டங்கள், பெரிய இரும்பு அலமாரி ஒன்று. அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் ஜட்ஜம்மாவின் சக்கர நாற்காலி நிற்கும்.

ஜட்ஜம்மா என்பது பதினைந்து வயதுப் பெண். தையல்காரர் மகள். கையும் காலும் அவள் சொல் பேச்சு கேட்காது, வாயிலிருந்து வார்த்தை வராது. காதும் கண்ணும் மட்டும் படு சுத்தம். நாம் ஏதாவது சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்டால் கண்ணை மெதுவாக, அழுத்தி மூடுவாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சுவரைப் பார்ப்பாள். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. பெயரை வைத்தது வாட்ச்மேன்.

பாடமும் அந்தக் கண்ணால்தான். டீச்சர் கேள்வியைப் படித்து, நான்கு விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். சரியான விடை வரும்போது அவள் கண்ணை மூடுவாள். கணக்கு, அறிவியல், பூகோளம் எல்லாவற்றிலும் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் மாநிலப் பொதுத் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால் மேல்நிலைப் பள்ளியில் இடம் உண்டு. அங்கே கண் அசைவால் வேலை செய்யும் கணினி இருக்கிறது. தேறாவிட்டாலோ, எளிதான மாற்று மதிப்பீட்டுப் பட்டியலில் பெயர் போனாலோ, பள்ளிக்கு வந்து போனதற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதோடு வீடுதான். ஜன்னலும் டிவியும்.

ஆண்டுத் தொடக்கத்துச் சர்க்குலரில் புது விதி வந்தது. இனிமேல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேர்வறையில் கேள்வி படித்துக் காட்டுகிறவர் சொந்த ஆசிரியராக இருக்கக் கூடாது. வேறு பள்ளியிலிருந்து வருவார். அவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கவும் கூடாது. எல்லாச் சிறப்பு ஆசிரியர்களும் இரண்டு நாள் பயிற்சிக்கு வர வேண்டும்.

அன்றைக்குத்தான் டீச்சர் கோபப்பட்டு நான் முதல்முறை பார்த்தேன். தாளை மேசை மேல் போட்டார். "நம்மளைத் திருடன்னு சொல்றாங்க அக்கா. விடை சொல்லிக்கொடுத்துடுவோமாம்."

"கொடுக்க மாட்டமா?" என்றேன்.

"நீங்களுமா?"

தலைமை ஆசிரியருக்கு ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதினார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சர்க்குலரே சர்க்குலரை எதிர்த்தா நான் எங்கம்மா போறது? முதல்ல பயிற்சிக்குப் போயிட்டு வாங்க," என்று இழுப்பறையில் போட்டுவிட்டார்.

போனார். திரும்பி வந்த காலையில் நான் ஒரு பையனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

"ஒரு விளையாட்டு வெச்சாங்க அக்கா. ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும். ஒருத்தர் பிள்ளை, ஒருத்தர் டீச்சர். கேள்வி எல்லாம் உளறல். 'பிம்புலியின் தக்கடை எது? சோப்பல், மிட்டான், கரும்பீ, டொக்கு.' இப்படி. யாருக்கும் விடை தெரிய வாய்ப்பே இல்ல. ஆனா டீச்சரா இருக்கறவங்க கையில மட்டும் விடையைக் குடுத்துட்டாங்க. டொக்குன்னா டொக்கு. நான் படிக்கணும், எதிர்ல இருக்கறவர் கண்ணை மூடணும்."

"சரி."

"என் ஜோடி காலைலேர்ந்து தூங்கி வழிஞ்ச ஆளு. பக்கத்து மாவட்டத்துக்காரர். அவருக்கு டொக்கும் தெரியாது மிட்டானும் தெரியாது. எல்லாத்துக்கும் சரியா மூடினார் அக்கா. ஒண்ணுகூட விடல."

நான் பையனுக்கு நாடாவைக் கட்டி முடித்துத் திரையை விலக்கினேன். டீச்சர் முகம் வெளிறியிருந்தது.

"எப்படி சார்னு கேட்டேன். 'நீங்க சரியான விடைக்கு முன்னாடி லேசா மூச்சு இழுக்கறீங்க மேடம். ஊசி போடப்போற நர்ஸ் மாதிரி. நான் உடனே கண்ணை மூடிக்கிட்டேன்'னார். மத்தவங்க படிச்சப்ப அவருக்குப் பாதிகூட வரல. மொத்த ஹால்லயும் மோசமானவ நான்தான்."

"மோசமானவங்க இல்ல. தெளிவா சொல்றவங்க."

"ஜோக் அடிக்காதீங்க. தொண்ணூறு வாங்கினது அவளா நானா?" சற்று நேரம் தொட்டியில் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. பிறகு கேட்டார்: "அக்கா, உங்களுக்கு அல்ஜீப்ரா தெரியுமா?"

"பேர் தெரியும். நேர்ல பாத்ததில்ல."

"அதான் வேணும்."

அன்று மதியம் நான் ஜட்ஜம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி படித்தேன். டீச்சர் அலமாரிக்குப் பின்னால் விடைத்தாளோடு நின்றுகொண்டார். அந்தப் பெண் முதலில் விடையைக் கேட்கவில்லை, என் முகத்தைத் தேடினாள். நெற்றி, வாய், தொண்டை எல்லா இடமும் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருக்கும், ஒன்றும் இல்லை. கணக்கில் பூவா தலையா போட்டிருந்தாலே அவ்வளவு வந்திருக்கும். அறிவியலில் கொஞ்சம் தேவலை. பூகோளத்தில் மட்டும் ஆறு எது, மலை எது என்று ஒன்றுகூடத் தவறவில்லை. முடிவில் எரிச்சலோடு சுவரைப் பார்த்தவள், வீட்டுக்குப் போகிறவரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப எல்லாமே நான் இல்ல," என்றார் டீச்சர், பூகோளத் தாளைப் பிடித்துக்கொண்டு. "எல்லாமே அவளும் இல்ல."

தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய கெடு அந்த வாரக் கடைசியில். டீச்சர் நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னார். நான் ஜட்ஜம்மாவின் பழைய காலணியைத் தேடிக்கொண்டு அவர் அறை வாசல்வரை வந்திருந்தேன், அதனால் கேட்டது.

"இதை நீங்க சொல்லாட்டா யாருக்குமே தெரியாது," என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு அருகில் இருந்தவர், அவ்வளவுதான். "மாற்று மதிப்பீட்டுல போட்டுடுங்க. பொண்ணுக்கும் கஷ்டம் இல்ல, உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல."

"அதுல போட்டா திரும்பி வர முடியாது சார். விதி அப்படி."

"பொதுத் தேர்வுல போட்டுத் தோத்தா?"

"தோத்தா தோத்தது. ஆனா அதை நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து முடிவு பண்ணக் கூடாது. அந்த ஆட்சேபக் கடிதத்தைக் குடுங்க."

"எதுக்கு?"

"கிழிக்க."

தையல்காரர் மறுநாள் வந்தார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. மனைவி சலவை நிலையத்தில் ஷிப்ட், வர முடியாது. டீச்சர் எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். ஜட்ஜம்மா பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் பேச டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லா படிக்கறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"தொண்ணூறு போட்டீங்களே டீச்சர். நான் கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிட்டேன்."

"நானும்தான் சொன்னேன். அதுல எவ்வளவு அவளோடது, எவ்வளவு என்னோடதுன்னு இப்ப தெரியல."

அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார். "அப்ப இத்தனை வருஷமா இங்க யார் யார்கூடப் பேசினது? நீங்க உங்ககூடவேவா?"

டீச்சர் தலையைக் குனியவில்லை. "சில நேரம் அப்படித்தான் இருந்திருக்கும்," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் பெண்ணுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு. சரியான விடை வரும்போது நான் மூச்சு இழுக்கறேனாம். உனக்குத் துப்புக் குடுத்துட்டே இருந்திருக்கேன். எனக்கே தெரியாது. மன்னிச்சுக்கோ."

ஜட்ஜம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று நான் எழுந்துவிட்டேன். இல்லை, சிரிப்பு. தோள் குலுங்க, எச்சில் வழிய, நிறுத்தாமல் சிரித்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் டீச்சர்.

அவள் கண்ணை மெதுவாக, அழுத்தி மூடினாள்.

"தெரிஞ்சேதான் பண்ணியா? அடி களவாணி."

தையல்காரர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "என் பொண்ணுதான், சந்தேகமே இல்ல," என்றார். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பரீட்சை அறையில் பக்கத்துத் தாள் தெரிகிற இடத்தில் உட்கார்ந்த எந்தப் பிள்ளை கண்ணைத் திருப்பிக்கொள்ளும்?

டீச்சர் அவளுக்கு இரண்டு வழியையும் விளக்கினார். பொதுத் தேர்வென்றால் முன்பின் தெரியாத ஆள் வந்து படிப்பார், துப்பு கிடைக்காது, தோற்கவும் தோற்கலாம். மாற்று மதிப்பீடு என்றால் சுலபம், ஆனால் மேல்நிலைப் பள்ளி கிடையாது. "நான் கேக்கறேன்," என்று தையல்காரர் மகள் முன்னால் குந்தினார். "பாப்பா. ஒண்ணு, மாற்று மதிப்பீடு. ரெண்டு, பொதுத் தேர்வு, மேல்நிலைப் பள்ளி, கம்ப்யூட்டர்..."

"நிறுத்துங்க," என்றார் டீச்சர். "உங்க ஆசை பூரா குரல்ல வழியுது. எந்திரிங்க. அக்கா, நீங்க படிங்க."

நான் ரயில் நிலையங்களின் பெயரைப் படிப்பதுபோல் படித்தேன். மாற்று மதிப்பீடு, பொதுத் தேர்வு, இன்னும் யோசிக்கணும். பொதுத் தேர்வுக்குக் கண் மூடினாள். வரிசையை மாற்றிப் படித்தேன். அதே பதில். டீச்சர் இன்னொரு முறை மாற்றச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில், காதில் என்ன கோளாறு என்ற கேள்வி இருந்தது. ஆனாலும் பொதுத் தேர்வுக்கே மூடினாள். தையல்காரர் கையெழுத்துப் போட்டார். "தோத்தா அப்பா திட்ட மாட்டேன்," என்றார் மகளிடம். "கொஞ்சமா திட்டுவேன்."

அதன் பிறகு அந்த அறையில் பாடம் நடந்த விதமே மாறிப்போனது. கேள்வி படிக்க டீச்சர் யாரையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அலுவலக எழுத்தர் எட்டு மூச்சுக்குப் படிக்க வேண்டியதை ஒரே மூச்சில் கொட்டினார். பள்ளி வேன் டிரைவர் ஒவ்வொரு விடைக்கும் முன்னால் தொண்டையைக் கனைத்தார். வாட்ச்மேன் மேடையில் பேசுகிறவர் மாதிரி மூன்றாவது விடையை மட்டும் கையை நீட்டிச் சொல்வார். ஏன் என்று கேட்டால், "மூணு நல்ல நம்பர்ங்க," என்றார். ஜட்ஜம்மா அன்று எல்லாவற்றுக்கும் மூன்றிலேயே கண்ணை மூடினாள். துப்பு தேடுகிற பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகிறதா?

டீச்சர் தன் குரலையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் செய்தித்தாளை ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்துப் பழகினார். கணவர் என்னிடம் புகார் சொன்னார்: "நேத்து மேட்ச்ல நம்ம பக்கம் ஜெயிச்ச நியூசைப் படிச்சா. யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

கணக்கை டீச்சர் அடியிலிருந்து ஆரம்பித்தார். தன்னை நம்பித் தாண்டிவந்த பாடம் எல்லாவற்றுக்கும் திரும்பிப் போனார். பின்னத்தில் ஓட்டை, தசமத்தில் ஓட்டை. "இதை அப்பவே பாத்திருக்கணும்," என்று முனகினார். ஆனால் முனகலுக்காக நிற்கவில்லை. மதிய உணவு நேரத்தில் நான் ஜட்ஜம்மாவுக்கு ஊட்ட, அவர் பக்கத்தில் பின்னத்தை வட்டமாக வெட்டிய அட்டைகளைக் காட்டுவார். "வாயில சோத்தை வெச்சுக்கிட்டு யோசிக்கச் சொல்லாதீங்க, புரையேறும்," என்று நான் ஒருமுறை அட்டையைப் பிடுங்கி வைத்தேன். மென்று விழுங்குகிறவரை பொறுத்திருந்து, திரும்ப எடுத்துக்கொண்டார்.

புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. எந்தக் கேள்வியைப் படித்தாலும் ஜட்ஜம்மா நான்கு விடையையும் கேட்டுவிட்டு எதற்கும் கண்ணை மூடாமல் விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். டிரைவர் படித்தாலும் விட்டம், நான் படித்தாலும் விட்டம். அடம் பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்து, ஒரு நாள் பொறுமை இழந்து, "சரி, திரும்பப் படிங்க அக்கா, என்னதான் பண்றான்னு பாக்கலாம்," என்றார். திரும்பப் படித்தேன். இரண்டாவது விடைக்குச் சட்டென்று கண் மூடியது. அடுத்த கேள்வி. விட்டம். திரும்பப் படித்தேன். நான்காவது. சரியான விடை.

டீச்சர் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "இன்னொரு தடவை சொல்லுன்னு கேக்கறியா?"

கண் மூடியது.

நாலையும் கேட்டு, மனதில் வைத்து, எது சரி என்று தீர்மானித்துவிட்டு, இரண்டாம் முறை அது வரும்போது சொல்கிறாள். துப்பு கிடைக்காத இடத்தில் அவளே ஒரு வழியைப் போட்டுக்கொண்டாள். டீச்சர் தன் பையிலிருந்து அந்தச் சர்க்குலரை எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. விடைகளைத் திரும்பப் படிக்கலாமா என்று அதில் ஒரு வரியும் இல்லை.

போன் போட்டார். வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து இன்னொன்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஒரு பையனை மரச்சட்டத்தில் நிற்க வைத்துப் பட்டை கட்டினார். அவனை இறக்கியபோதும் போன் தோளில்தான் இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். "வாயால சொல்ற பிள்ளை 'திரும்பச் சொல்லுங்க'ன்னா சொல்ல மாட்டீங்களா? இவ கண்ணால கேக்கறா. அவ்வளவுதான் வித்தியாசம்... இல்ல, 'பாத்துக்கலாம்' வேண்டாம். எழுத்துல வேணும்... நான் காத்திருக்கேன், எனக்கு வேற வேலை இல்ல." அதைச் சொன்னபோது இரண்டு பிள்ளைகள் அவர் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதச் சர்க்குலரில் வந்தது: தேர்வர் தனக்குரிய சைகையால் கேட்டால் கேள்வியும் விடைகளும் மீண்டும் ஒருமுறை வாசிக்கப்பட வேண்டும். தலைமை ஆசிரியர் அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். "உங்க வரிதானே இது?" என்றார். "மாநிலத்தோட வரி சார்," என்றார் டீச்சர். ஆனால் அன்றைக்கு என்னவோ கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

தேர்வு நாளில் சொந்த ஆசிரியர் வளாகத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது. டீச்சர் காலையில் வந்து, நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்து, கழுத்துக்கு வைக்கும் தலையணையைச் சரிசெய்துவிட்டு, "எனக்கு உன் மேல நம்பிக்கை இருக்கு, அப்படி இப்படின்னெல்லாம் சொல்ல மாட்டேன். நல்லாக் கேளு. அவசரப்படாதே," என்றார். ஜட்ஜம்மா கண் மூடினாள். டீச்சர் வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்த பேருந்து எதிலும் ஏறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ள என்னை மட்டும் அனுமதித்தார்கள். அவள் பார்வையில் படாதபடி பின்னால் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

படிக்க வந்தது உயரமான ஒரு பெண்மணி. ஏதோ பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாம். நல்லவேளை, பலகை மாதிரி முகம். அவள் சைகைகளைப் பற்றிய குறிப்பை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். முதல் கேள்வி. என் இடத்திலிருந்து ஜட்ஜம்மாவின் பின்னந்தலைதான் தெரியும். அது மெல்ல மேலே சாய்ந்தது. விட்டம். அந்தப் பெண்மணி திரும்பப் படித்தார். தலை கீழே வந்தது. "மூன்று," என்று குறித்துக்கொண்டார்.

காலையில் அறிவியலும் பூகோளமும் அப்படியே நகர்ந்தன. இடையில் இருமல் வந்தது. நான் எழுந்துபோய் நிமிர்த்திப் பிடித்து, துடைத்து, திரும்ப உட்கார்ந்தேன். மதியம் கணக்கு. அவள் கழுத்து தளரத் தொடங்கியிருந்தது. தலையணைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன்.

கணக்கில் பாதி தாண்டியிருக்கும். ஏதோ ஒரு கேள்வி. அந்தப் பெண்மணி முதல் விடையைப் படித்தார். இரண்டாவது விடைக்கு வந்தபோது காகிதம் ஒட்டிக்கொண்டது. விரலை நனைத்துப் பக்கத்தைப் பிரிக்கிற அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, பிறகுதான் அந்த விடையைச் சொன்னார். டீச்சர் சரியான விடைக்கு முன்னால் இழுப்பாரே, அச்சு அசல் அதே மூச்சு. கண் மூடப்போகிறாள் என்று நினைத்தேன். வருடக்கணக்காக அந்த மூச்சுக்குக் கண் மூடியவள்.

பெண்மணியின் பேனா அசையவில்லை. மூன்றாவது படித்தார். நான்காவது படித்தார். பிறகு மெதுவாகத் தலை மேலே சாய்ந்தது. விட்டம்.

பெண்மணி பக்கத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பப் படித்தார். இந்த முறை வேறு ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்ததும் டீச்சர் சாலையைக் கடந்து ஓடிவந்தார். "எப்படி?" என்று என்னைக் கேட்டார்.

"அவளைக் கேளுங்க."

"என்ன? கணக்கு கஷ்டமா?" கண் மூடியது. "ரொம்பவா?" சுவர் இல்லாததால் ஜட்ஜம்மா ஒரு மரத்தைப் பார்த்தாள். டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

முடிவு வந்தபோது தையல்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பூகோளம் எழுபத்தெட்டு. அறிவியல் ஐம்பத்தாறு. கணக்கு நாற்பத்தொன்று. தேற நாற்பது வேண்டும்.

"தொண்ணூறு வாங்கிட்டிருந்த பிள்ளை," என்றார் அவர், தாளையே பார்த்தபடி. இடம் கிடைத்த சந்தோஷத்துக்கும் அந்த நாற்பத்தொன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். "கடைல கேட்டா என்னன்னு சொல்றது?"

"நாப்பத்தொண்ணுன்னு சொல்லுங்க," என்றார் டீச்சர். "அந்தத் தொண்ணூறை எனக்குக் குடுத்துடுங்க."

மேல்நிலைப் பள்ளியில் அவள் சேர்ந்தாள். அந்தக் கணினியில் அவள் எழுதிய முதல் வாக்கியத்தைத் தையல்காரர் போனில் காட்டினார். உணவறைச் சாம்பார் தண்ணீராக இருக்கிறதாம். படிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு நன்றி என்றோ வேறு எதுவுமோ இல்லை.

டீச்சர் முடிவு வந்த அன்று மதியமே தலைமை ஆசிரியரிடம் போனார். அறையில் இன்னும் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள், எல்லோரும் அவர் குரலைக் கேட்டு மதிப்பெண் வாங்கியவர்கள். "அந்த மார்க்கையெல்லாம் ரத்து பண்ணுங்க சார். திரும்பச் சோதிக்கணும்."

"இந்த வருஷமேவா? ரெண்டு மாசத்துல நான் ஓய்வு, தெரியும்ல?"

"தெரியும். அதான் இன்னிக்கே வந்தேன்."

அவர் பேனாவைத் தேடினார். டீச்சர் தன்னுடையதைக் கொடுத்தார்.

திரும்பி வந்து, ஜன்னலோரம் இருந்த பையனின் நாற்காலியை அலமாரிப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். அவன் கண்ணால் இல்லை, நாக்கை நீட்டி விடை சொல்கிறவன். நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்குகிறவன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவர் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார்.

"அக்கா, கையைத் துடைச்சுட்டு வந்து படிங்க. மெதுவா."